எடையைத் திருத்தியதும் டபுள் மார்க்கர் முடிவு மாறியது எப்படி?

மேட்டூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு வயது 32. இது எங்களுக்கு இரண்டாவது குழந்தை. கர்ப்பத்தின் பன்னிரண்டு வாரம் நான்காம் நாளில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் டபுள் மார்க்கர் பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்தார். வந்த அறிக்கையில் பாப்-ஏ 0.40 எம்.ஓ.எம். என்றும், ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி 1.25 எம்.ஓ.எம். என்றும், டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 210இல் 1 என்றும் இருந்தன. 250இல் 1 என்பதைத் தாண்டியதால் "அதிக அபாயம்" என்று சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை.

மறுநாள் எங்கள் மருத்துவர் அறிக்கையைப் பார்த்தபோது, அதில் எடை 58 கிலோ என்றிருப்பதைக் கவனித்தார். அது முதல் பிரசவத்தின்போது பதிவான எடை. பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். என் மனைவியின் இப்போதைய எடை 86 கிலோ. மருத்துவர் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று மாலையே புதிய அறிக்கை வந்துவிட்டது. அதில் பாப்-ஏ 0.62, ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி 1.50, வாய்ப்பு 380இல் 1, "குறைந்த அபாயம்".

மீண்டும் இரத்தம் எடுக்கவில்லை. அதே குழாய், அதே இரத்தம். அப்படியிருக்க, ஓர் எண்ணை மாற்றித் தட்டச்சு செய்ததும் குழந்தையைப் பற்றிய முடிவு மாறுகிறது என்றால், இரண்டில் எதை நம்புவது? எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக மாற்றித் தந்துவிட்டார்களோ என்ற ஐயம் என் மாமியாருக்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கும் இருக்கிறது. அந்தப் படிவத்தில் எடை மட்டுமல்லாமல் இனம், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்ததா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இவை ஏன் தேவைப்படுகின்றன என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆய்வகப் பணியாளர் (பதில்)

ஐயா, வணக்கம். மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டாவது அறிக்கையை நம்புங்கள். யாரும் உங்களுக்காக எதையும் வளைக்கவில்லை. முதல் அறிக்கைதான் வேறொரு பெண்ணுக்கு உரிய கணக்கை உங்கள் மனைவிக்குப் போட்டிருந்தது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்.ஓ.எம். என்ற பத்திக்கு முந்தைய பத்தியில், இரத்தத்தில் அந்தப் புரதம் எவ்வளவு இருந்தது என்ற நேரடி அளவு அச்சிடப்பட்டிருக்கும். அது இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கருவி அளப்பது அதை மட்டும்தான். ஆனால் அந்த அளவைத் தனியாக வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஏனென்றால் அது கர்ப்பத்தின் நாளுக்கு நாள் மாறுகிறது, ஆளுக்கு ஆளும் மாறுகிறது. ஆகவே, அதே கர்ப்ப நாளில், அதே உடல்வாகுடன், இயல்பான குழந்தையைச் சுமக்கும் பெண்களின் இடைநிலை அளவு எவ்வளவோ, அதனால் உங்கள் மனைவியின் அளவை வகுக்கிறோம். அந்த ஈவுதான் எம்.ஓ.எம். சரியாக இடைநிலையில் இருப்பவருக்கு அது 1.00 என வரும். வகுபடும் எண்ணை இரத்தம் தருகிறது. வகுக்கும் எண்ணைப் படிவம் தருகிறது. எனவே படிவத்தில் எழுதுவதும் பரிசோதனையில் பாதி என்றே என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் சொல்வேன்.

எடை ஏன் குறுக்கே வருகிறது? பாப்-ஏ, எச்.சி.ஜி ஆகிய இரண்டையும் நஞ்சுக்கொடிதான் சுரக்கிறது. தாய் ஒல்லியானவரா பருமனானவரா என்பதற்கேற்ப அது தன் சுரப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் எடை கூடியவர்களின் உடலில் ஓடும் இரத்தத்தின் மொத்த அளவு அதிகம். ஒரு கைப்பிடி உப்பைச் சிறு பானையில் கரைப்பதற்கும் பெரிய அண்டாவில் கரைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. கரு உருவாக்கும் புரதமான ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்னும் ஏ.எஃப்.பி விஷயத்தில் இந்த உறவை 1981இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இப்படி அளக்கப்படும் எல்லாக் குறிப்பான்களும் (மார்க்கர்கள்) ஒரே அளவுக்கு நீர்த்துப்போவதில்லை. பாப்-ஏ மிகுதியாகக் குறைகிறது. ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜியும் ஏ.எஃப்.பியும் அதைவிடக் குறைவாக; கர்ப்பத்தின் நடு மாதங்களில் செய்யும் நான்கு குறிப்பான் பரிசோதனையில் வரும் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் மிகச் சிறிதளவே.

உங்கள் எண்களிலேயே இது தெரிகிறது. 0.40ஐ 0.62ஆல் வகுத்தால் 0.65 கிடைக்கிறது. அதாவது, 58 கிலோ எடையுள்ள பெண்ணிடம் எதிர்பார்க்கும் பாப்-ஏயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் 86 கிலோ எடையுள்ளவரிடம் எதிர்பார்க்க வேண்டும் என்று மென்பொருள் கணக்கிட்டிருக்கிறது. எச்.சி.ஜியில் அதே விகிதம் 0.83, சரிவு குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் இந்த வாரங்களில் பாப்-ஏ சராசரியாகப் பாதியாகவும், ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி ஏறத்தாழ இரு மடங்காகவும் இருக்கும். எடையைத் திருத்தியபோது பாப்-ஏ 0.62ஆக உயர்ந்தது அபாயத்தைக் குறைத்தது, எச்.சி.ஜி 1.50ஆக உயர்ந்தது அபாயத்தைச் சற்றே கூட்டியது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால்தான் 210 என்பது 380இல் நின்றது, ஆயிரத்துக்கு மேல் போகவில்லை. உங்களைச் சமாதானப்படுத்தவே மாற்றியிருந்தால், உங்களுக்குப் பாதகமான எச்.சி.ஜியையும் சேர்த்து உயர்த்தியிருக்க மாட்டார்கள் என்பதை மாமியார் அவர்களிடம் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 42 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் எடை படிவத்தில் விடுபட்டுப்போனால், அவருடைய பாப்-ஏ உள்ளதைவிட உயர்ந்து தெரியும். குறைந்த அபாயம் என்று அறிக்கை போகும். தவறான "அதிக அபாயம்" வந்தால் குடும்பமே ஆய்வகத்துக்கு வந்து கேள்வி கேட்கும், உங்களைப் போல. தவறான "குறைந்த அபாயம்" வந்தால் யாரும் கேட்பதில்லை. முதுகுத்தண்டுக் குறைபாட்டுக்காக ஏ.எஃப்.பி பார்க்கும்போது இது தலைகீழாகும். அங்கே உயர்ந்த அளவுதான் அபாய அறிகுறி என்பதால், எடை திருத்தப்படாத ஒல்லியான பெண்கள் வீணாக அச்சுறுத்தப்படுவார்கள், பருமனான பெண்களிடம் உண்மையான உயர்வு மறைந்துபோகும்.

எடையைவிடப் பெரிய தவறு கர்ப்ப நாளில் நேரும் தவறு. பதினொன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் பாப்-ஏ நாள்தோறும் விரைந்து ஏறும். ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜியோ இறங்கும். கடைசி மாதவிடாய்த் தேதியை நம்பி, உண்மையில் பதினொரு வாரமே ஆன கர்ப்பத்தைப் பன்னிரண்டு என்று எழுதினால், பாப்-ஏ குறைவாகவும் எச்.சி.ஜி அதிகமாகவும் தெரியும். எடைத் தவறில் இரண்டும் எதிரெதிராக இழுத்து ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். நாள் தவறினாலோ இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து டவுன் சிண்ட்ரோமைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே, ஸ்கேனில் அளந்த குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டுதான் நாள் கணக்கிடப்பட்டதா என்று உங்கள் அறிக்கையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புகைப்பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்ப்பிணி புகைப்பவராக இருந்தால் பாப்-ஏ ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நான்கு குறிப்பான் பரிசோதனையில் இன்ஹிபின்-ஏ என்ற ஹார்மோன் கணிசமாக உயரும். இரண்டுமே அபாயத்தைப் பொய்யாகக் கூட்டிக்காட்டக்கூடியவை. கணவர் புகைப்பவரா என்பது அந்தக் கட்டத்தில் கேட்கப்படுவதில்லை.

நிலா, ஸ்கார்பரோ (பதிலும் துணைக் கேள்வியும்)

ஐயா, மிகத் தெளிவான விளக்கம், நன்றி. என் நிலைமையும் இதனோடு தொடர்புடையது என்பதால் இங்கேயே கேட்கிறேன். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், கனடாவில் ஒண்டாரியோவில் வசிக்கிறேன். எனக்கு வயது 38. முப்பத்து நான்காவது வயதில் எடுத்து உறைநிலையில் வைத்த என் கருமுட்டையைக் கொண்டு, சோதனைக்குழாய் முறையில் இப்போது கருத்தரித்திருக்கிறேன். முதலாம் வகை நீரிழிவு இருப்பதால் சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். படிவத்தில் இனம் என்ற இடத்தில் "ஆசியர்" என்று மட்டும் குறித்துவிட்டால் போதுமா, தெற்காசியர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எந்த வயதை எழுதுவது? இங்கே முதல் மூன்று மாதப் பரிசோதனையிலேயே ஏ.எஃப்.பியையும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இன்சுலின் அதைப் பாதிக்கும் என்று எங்கோ வாசித்ததால் கலக்கமாக இருக்கிறது.

மகப்பேறு மருத்துவர், மதுரை (பதில்)

மேட்டூரான் அவர்களுக்கும் சகோதரி நிலாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிலா, வயதைப் பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. தாயின் வயது குறிப்பான்களின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. அது தொடக்க வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு இருபது வயதில் ஏறத்தாழ 1500இல் 1, முப்பதில் 900இல் 1, முப்பத்தைந்தில் 350இல் 1, நாற்பதில் 100இல் 1 என்ற அளவில் ஏறுகிறது. அந்தத் தொடக்க எண்ணைத்தான் குறிப்பான்கள் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. இந்த ஏற்றத்துக்குக் காரணம் கருமுட்டையின் வயதே தவிர, கருப்பையின் வயது அன்று. ஆகவே முட்டை எடுக்கப்பட்ட நாளில் உங்களுக்கு என்ன வயதோ அதுவே கணக்குக்கு உரியது. படிவத்தில் உங்கள் பிறந்த தேதியோடு முட்டை எடுத்த தேதியையும் தவறாமல் குறிப்பிடுங்கள். தானமாகப் பெற்ற முட்டை என்றால் தானம் தந்தவரின் வயதைத் தர வேண்டும். உங்கள் எடை, நீரிழிவு, இனம் ஆகியவை மட்டும் உங்களுடையனவாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் இரத்தம் உங்களுடையது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் பாப்-ஏ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்து காணப்படுவதால், அதற்கும் தனித் திருத்தம் உண்டு.

இனத்தைப் பொறுத்தவரை "தெற்காசியர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆப்பிரிக்க–கரீபிய வம்சாவளிப் பெண்களிடம் பாப்-ஏ ஐரோப்பியப் பெண்களைவிட ஒன்றரை மடங்கு இருக்கும் என்பதால் அவர்களுக்கு இந்தத் திருத்தம் இன்றியமையாதது. நம்மிடம் பாப்-ஏ, எடைக்குத் திருத்தியபின், ஐரோப்பியப் பெண்களுக்கு மிக அருகில்தான் நிற்கிறது. ஆனால் ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி நம்மிடம் சற்றுக் குறைவு. சீனர் முதலிய கிழக்காசியப் பெண்களிடம் அது சற்று அதிகம். எதிர்த்திசைகளில் போகும் இரு மக்கள் கூட்டத்தை "ஆசியர்" என்ற ஒரே பெட்டியில் அடைத்தால் இருவருக்குமே கணக்குச் சிறிது பிசகும்.

இன்சுலினைப் பற்றி. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இன்சுலின் போடும் பெண்களிடம் ஏ.எஃப்.பி குறைந்து காணப்படுகிறது. பழைய ஆய்வுகள் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவு என்றன. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்ட பிற்காலத்தில் அந்த வேறுபாடு பத்தில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிவிட்டது. 1984இல் மெர்காட்ஸும் அவருடைய குழுவினரும் குறைந்த ஏ.எஃப்.பிக்கும் குரோமோசோம் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டதிலிருந்து, குறைந்த அளவும் கவலைக்குரியதாகிவிட்டது. எனவே இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் டவுன் சிண்ட்ரோம் அபாயம் பொய்யாக உயர்ந்து தெரியும். அதைவிட முக்கியமாக, முதுகுத்தண்டுக் குறைபாடு பொய்யாக மறைந்துபோகலாம். நீரிழிவு உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத்தான் அந்தக் குறைபாடு மிகுதியாக வருகிறது என்பதால், இங்கே மறைவது சாதாரண விஷயம் அன்று. இரத்தப் பரிசோதனை எப்படி வந்தாலும், பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேனை நீங்கள் தவறவிடக் கூடாது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தின் பின்பகுதியில் வரும் சர்க்கரைக்கும், மாத்திரையில் கட்டுப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் "இன்சுலின் – ஆம்" என்று டிக் அடித்து அனுப்பப்படும் படிவங்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கட்டம் அவர்களுக்கானது அன்று. தேவையற்ற திருத்தமும் முடிவைக் கெடுக்கும். அதேபோல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் அது தேங்கி உயர்ந்து நிற்கும். அந்த உயர்வு குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது.

மேட்டூரான் அவர்களே, உங்கள் மனைவியின் விஷயத்துக்கு வருகிறேன். 380இல் 1 என்பது இரத்தமும் வயதும் மட்டும் சேர்ந்த கணக்கு என்று நினைக்கிறேன். என்.டி ஸ்கேன் செய்திருப்பீர்களே, அதன் அளவு ஏன் இதில் சேர்க்கப்படவில்லை? குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது பிடரியில் அளக்கும் அந்த நீர்த்தடிப்பைச் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

அடுத்து, முதல் அறிக்கையின் 0.40 அப்படியே நின்றிருந்தால் அதன் விளைவு டவுன் சிண்ட்ரோமோடு முடிந்திருக்காது. குரோமோசோம்கள் இயல்பாக இருந்தும் பாப்-ஏ 0.4 அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால், நஞ்சுக்கொடி நன்கு வேரூன்றவில்லையோ, குழந்தையின் வளர்ச்சி குன்றுமோ, தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுமோ என்று கூடுதலாகக் கண்காணிப்போம். 0.62 அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. அந்த ஐயத்தை விட்டுவிடலாம். ஆனால் எடையைக் கணக்கில் கழித்துவிட்டோம் என்பதால் கர்ப்பத்திலிருந்து அதைக் கழித்துவிட முடியாது. 86 கிலோ எடை, உயரத்தைப் பொறுத்து, கர்ப்பகால இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தனிக் காரணமாகலாம். உங்கள் மருத்துவர் பதினாறு வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கச் சொன்னால், மார்க்கர்தான் சரியாகிவிட்டதே என்று மறுக்க வேண்டாம்.

மேட்டூரான்

மருத்துவர் அம்மாவுக்கும் ஆய்வக ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேரடி அளவு இரண்டு அறிக்கைகளிலும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தேன். என் மாமியாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். என்.டி ஸ்கேனில் குழந்தையின் நீளம் 62 மில்லிமீட்டர், என்.டி 1.3 மில்லிமீட்டர் என்றும் மூக்கெலும்பு தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் மையமும் ஆய்வகமும் வேறு வேறு என்பதால் சேர்க்கவில்லை போலும். இவ்வளவு திருத்தங்கள் தேவைப்படுகின்றன என்றால், எடையெல்லாம் ஒரு பொருட்டில்லாத என்.ஐ.பி.டி பரிசோதனையையே செய்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

மகப்பேறு மருத்துவர், மதுரை

நல்ல என்.டி அளவு, குழந்தையின் நீளமும் பன்னிரண்டு வாரம் நான்கு நாளுக்குப் பொருந்துகிறது. இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வாய்ப்பு 380இல் 1 என்பதைவிடக் குறையும் என்றே எதிர்பார்க்கிறேன்.

என்.ஐ.பி.டியில் எடை பொருட்டில்லை என்பது சரியன்று. தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ மிதக்கிறது என்பதை 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்த பரிசோதனை அது. அங்கே பார்ப்பது புரதத்தின் அளவை அன்று என்பதால் எம்.ஓ.எம். திருத்தம் கிடையாது, டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் டபுள் மார்க்கரைவிட மிகத் துல்லியமானதும்கூட. ஆனால் தாயின் இரத்தத்தில் உள்ள மொத்தத் துணுக்கு டி.என்.ஏயில் கருவிலிருந்து வந்த பங்கு எவ்வளவு என்பது எடை கூடக் கூடக் குறைகிறது. 60 கிலோ எடையில் சராசரியாகப் பதினொரு சதவீதத்துக்கும் மேல் இருக்கும் அந்தப் பங்கு, 160 கிலோ எடையில் நான்கு சதவீதத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. அந்த நான்குக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் முடிவு சொல்ல இயலாது என்று திருப்பி அனுப்பிவிடும். உங்கள் மனைவியின் எடையில் பெரும்பாலும் முடிவு கிடைத்துவிடும். இருப்பினும், அதில் அபாயம் என்று வந்தாலும் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான் உறுதி செய்யும். முழுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, செலவையும் உங்கள் மன நிலையையும் எண்ணி, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், அவசரம் இல்லை.

ஆய்வகப் பணியாளர்

என்.டி அளவைச் சேர்க்க மீண்டும் இரத்தம் தர வேண்டியதில்லை, ஐயா. ஸ்கேன் அறிக்கையின் நகலை, ஸ்கேன் செய்த தேதி தெளிவாகத் தெரியும்படி ஆய்வகத்துக்கு அனுப்பி, கூட்டுக் கணக்கு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எடை என்பது இரத்தம் எடுத்த அன்றைய எடையா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையை எழுதுவதும் சரியன்று.

உங்கள் ஆய்வகத்திடம் இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம். அவர்கள் பயன்படுத்தும் இடைநிலை அளவுகளும் எடைத் திருத்தமும் மென்பொருளோடு வந்தவையா, தங்களிடம் வரும் பெண்களைக் கொண்டு சரிபார்க்கப்பட்டவையா என்பதே அது. ஐரோப்பியப் பெண்களின் எடையை மையமாக வைத்துப் போட்ட வளைகோடு, சராசரியாக எடை குறைந்த நம் பெண்களுக்கு அப்படியே பொருந்திவிடாது. கருவியும் வேதிப்பொருளும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறினாலும் இடைநிலை அளவு மாறும். ஒழுங்காக நடக்கும் ஆய்வகத்தில், அங்கு வரும் எல்லாப் பெண்களின் திருத்திய எம்.ஓ.எம். அளவுகளை மாதந்தோறும் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் இடைநிலை 1.00ஐ ஒட்டியே இருக்கும். கேட்டால் அந்தக் கணக்கைச் சொல்வார்கள்.

புதிய அறிக்கையில் "முந்தைய அறிக்கைக்கு மாற்றாக வழங்கப்படுகிறது" என்ற வரியும், திருத்தப்பட்ட விவரம் எது என்பதும் இடம்பெற வேண்டும் எனக் கேட்டு வாங்குங்கள். பழைய அறிக்கையைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் குறுக்கே கோடிட்டு, ரத்து என எழுதி, புதியதற்குப் பின்னால் சேர்த்து வையுங்கள். பிரசவத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், சிவப்பில் அச்சிட்ட அந்தத் தாளை மட்டும் பார்த்துவிட்டு யாரும் உங்கள் மனைவியைத் திடுக்கிட வைக்கக் கூடாது.